மூன்று முழுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டை நாங்கள் வாங்கியது எண்பத்தாறாம் வருஷம் தை மாசம். வாங்கினோம் என்று சொல்வது ஒரு பெருமைக்குத்தான். அண்ணன் தம்பி நாலு பேர் பங்கு பிரிக்க முடியாமல் சண்டை போட்டுப் பூட்டி வைத்து, பல வருஷமாக எலியும் கரையானும் ஆண்டு அனுபவித்த வீடு. அதை எங்கள் தலையில் கட்டினார்கள். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையைக் கொடுத்தோம்.

அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு நூல் மில்லில் பிட்டர் வேலை. வளவுக்குச் சொந்தக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். காலையில் குழாயடியில் நின்று “நீளு லேது” என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. தெலுங்கில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஒரு நாள் அவரோடு நான் போட்ட சண்டையில் வளவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு வாய் நீளம். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்த மனுஷனிடம், “கூரை இல்லாட்டியும் பரவாயில்ல, சொந்தமா ஒரு வீடு பாருங்க” என்றேன். கடவுள் அதைக் காது கொடுத்துக் கேட்டு, கூரை சரியில்லாத வீடாகவே பார்த்துக் கொடுத்தார்.

மாமனார் போன பிறகு என் மாமியார் தேவதானத்தில் தனியாக இருந்தார். அங்கே இருந்த வயலை விற்று இந்த வீட்டுக்குக் கொடுத்தவர் அவர்தான். கொடுத்த கையோடு ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு உரலுமாக எங்களோடு வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என்னைவிட வாய் கம்மி, என்னைவிடக் கண் கூர்மை. கல்யாணமாகி நாலு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கேட்டிருப்பேன், சண்டை போட்டு முடித்திருப்போம். கேட்காமல் மாசாமாசம் என் முகத்தைப் பார்ப்பார்.

வீடு ஒடுக்கமாக நீண்டு கிடந்தது. முன்னால் ஒரு சின்ன அறை, நடுவில் பட்டாசாலை என்று நாங்கள் சொல்கிற கூடம், அதற்குப் பின்னால் அடுப்படி, அதையும் தாண்டினால் புழக்கடையும் கிணறும். புழக்கடை மதிலை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. வந்த அன்றைக்குப் பாலைக் காய்ச்சி இறக்குவதற்குள் மேலேயிருந்து கரையான் மண் உதிர்ந்து பால் செம்மண் நிறமாகிவிட்டது. மாமியார் அதை வடிகட்டி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தார். நானும் குடித்தேன். வயரெல்லாம் எலி கடித்துக் கிடந்ததால் ஒரு மாசம் அரிக்கேன் விளக்குத்தான். சாக்கடையில் கம்பை விட்டுக் குத்தினால் எதிர்த்து வந்தது தேள். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். கூரையைத்தான் தாங்க முடியவில்லை.

பட்டாசாலைக்கு மேலே அந்தக் காலத்து மரக்கூரை. நடுவில் ஒரு பெரிய உத்திரம், அதன் மேல் குறுக்கே கட்டைகள், கட்டைகளின் மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்புத் தளம். ஐப்பசி மழை பிடித்ததும் அது ஒழுகவில்லை, ஊற்றியது. வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரத்தையும் தரையில் பரப்பிவிட்டு எதில் சோறு வடிப்பது என்று தெரியாமல் நிற்பேன். ஒரு நாள் விடியற்காலம், என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்கு எழுந்து கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போன பாயில், தலையணை மேலேயே மூன்று செங்கல் விழுந்தது. தலையணை பிய்ந்து இலவம்பஞ்சு வீடு முழுக்கப் பறந்தது. அவர் வாயில் நுரையோடு ஓடி வந்து அந்தத் தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமியார் திருநீறு எடுத்து மகனுக்குப் பூசினார்.

மம்சாபுரத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் ஏணி போட்டு ஏறி உத்திரத்தில் கம்பியால் குத்தினார். கம்பி பாதி உள்ளே போய்விட்டது. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, “இந்த ஐப்பசி தப்பிச்சிட்டீய. அடுத்த ஐப்பசிய இது தாங்காது, தாயி” என்றார். ஒரு பனந்தடியை நட்டு உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டாசாலை நடுவில் பனைமரம் வளர்த்த வீடு ஊரிலேயே எங்கள் வீடு ஒன்றுதான். மரம் தேடி, இடித்த மில் கொட்டகை ஒன்றிலிருந்து நல்ல உத்திரமாகக் கிடைக்க ஆனி மாசம் ஆகிவிட்டது. ஆடியில் வீட்டில் கை வைக்கக் கூடாது. ஆவணி பிறந்து வருகிறேன் என்றார் கொத்தனார்.

சொன்னபடி வந்தார். நாள் குறிப்பதற்கு முன்னால், எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“வீட்டுல யாரும் முழுகாம இருக்காவளா?”

எங்கள் ஊரில் கர்ப்பமாக இருப்பதைச் சொல்கிற வார்த்தை அதுதான். தூரமான பெண் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்து, நாலாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றி முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அந்த முழுக்கு நின்றுபோனால் அவள் முழுகாமல் இருக்கிறாள். அப்படி ஒருத்தி இருக்கிற வீட்டில் உத்திரத்தை இறக்க மாட்டார்கள், வாசக்கால் வைக்க மாட்டார்கள், மண்வெட்டி போட மாட்டார்கள். சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். வீட்டுக்காரன் சம்மதித்தாலும் கொத்தனார் கரண்டியைத் தொடமாட்டார். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகுதான் வேலை.

“எங்க? அந்தக் கொடுப்பினை இன்னும் வரலியே” என்றார் மாமியார்.

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு நாள் தள்ளி அன்றைக்கு ஐந்தாம் நாள்.

நாலு வருஷம் காத்திருந்தது வந்திருக்கிறது, துள்ளிக் குதித்துச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். கேளுங்கள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு என் மண்டையில் ஓடியது இதுதான். சொன்னால் கொத்தனார் அப்படியே திரும்பிப் போவார். பிள்ளை சித்திரையில் பிறக்கும். நடுவில் ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை. அந்த உத்திரத்துக்கு அடியில் வயிற்றுப்பிள்ளையோடு நான் எங்கே படுப்பது? தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் எனக்கு அம்மா இல்லை. வத்திராயிருப்பில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணியோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை, அதற்கும் என் வாய்தான் காரணம். இரண்டு மாசத்தில் கூரை முடிந்துவிடும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், இரண்டு மாசம்தானே என்று நினைத்தேன். பிள்ளைக்காகத்தான் மறைக்கிறேன் என்றே எனக்குத் தோன்றியது.

மாமியாரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்பதும் தெரியும். அவருடைய இரண்டாவது பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தது. பால் குடிக்க முடியாமல் ஒன்பதாம் நாள் இறந்துபோனது. அந்தப் பிள்ளையை அவர் சுமந்துகொண்டிருந்தபோது மாமனார் மாட்டுக் கொட்டகைக்குப் புது வாசக்கால் வைத்தாராம். அதற்காகக் கடைசி வரைக்கும் அவர் புருஷனை மன்னிக்கவில்லை. அதை என்னிடம் சொன்னபோது சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவரிடம் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல என் நீள வாய்க்கே தைரியம் வரவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன்.

ஆனால் என் நாள் கணக்கு மாமியாருக்கு அத்துப்படி. நான் ஒதுங்குகிற மூன்று நாளும் அவர்தான் சமைக்க வேண்டும், தெரியாமல் எப்படி இருக்கும்? இன்னும் இரண்டு நாள் போனால் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு மத்தியானம் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு, “அத்தே, நான் தூரம்” என்று சொல்லிவிட்டுத் தகரச் சாய்ப்பில் போய் உட்கார்ந்தேன்.

முதல் தடவை எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. மூன்று நாள் ஒரு வேலையும் இல்லை. யாரும் கிட்டத்தில் வரமாட்டார்கள். மாமியார் தட்டில் சோற்றை எட்ட வைத்துவிட்டுப் போவார், நான் எடுத்துத் தின்றுவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். கறை படாத துணிகளைச் சும்மா நனைத்துப் பிழிந்து மாமியார் கண்ணில் படுகிற மாதிரி கொடியில் போட்டேன். நாலாம் நாள் விடியற்காலம் கிணற்றிலிருந்து பத்து வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். பாயை அலசினேன். ஈரத் தலையோடு உள்ளே போனேன். மாமியார் வழக்கம் போல என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த ஒரு தடவையாவது அவர் பார்வையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

வேலை தொடங்கியது. கொத்தனாரும் இரண்டு ஆட்களும் தளத்தை உடைத்துப் பழைய உத்திரத்தை இறக்கினார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் மண். அதை இறக்கும்போது மாமியார் என்னைப் பார்த்து, “இத்தன நாளு இதுக்கு அடியிலயாட்டி படுத்துக் கெடந்தோம்?” என்றார். பட்டாசாலைக்கு மேலே வானம் தெரிந்தது. நாங்கள் முன் அறையில் மூன்று பேரும் சாமான்களோடு சாமானாகக் கிடந்தோம். நின்ற இடமெல்லாம் தூசி. எனக்கு வாந்தி வரும்போதெல்லாம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். கலவைக்காகக் கடுக்காயையும் கருப்பட்டியையும் தொட்டியில் ஊறப் போட்டிருந்தார்கள். அந்த வாடை வந்தாலே குடலைப் பிடுங்கும். அதற்கும் ஒரு பொய் சொன்னேன். ஒரு பொய்க்குத் துணைக்கு எத்தனை பொய் வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு சித்தாள் மட்டும் தினமும் தவறாமல் வருவாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மற்றவர்கள் வருவார்கள், வரமாட்டார்கள். வராத நாளில் மாமியார் என்னிடம், “ஏட்டி, சும்மாதான நிக்க, ரெண்டு கூட செங்கல எடுத்துக் குடேன்” என்பார். அவரும் எடுப்பார், குறை சொல்ல முடியாது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேள்வி வரும். எடுத்தேன். எத்தனை கூடை என்று எனக்குத் தெரியாது. அந்தச் சித்தாள் ஒரு நாள் என் தலையிலிருந்து கூடையைப் பிடுங்காத குறையாக வாங்கி, “நீங்க எடுக்காதீய, தாயி” என்றாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கூடைப் பக்கம் போனாலே எங்கிருந்தாலும் வந்துவிடுவாள்.

புரட்டாசி தொடக்கத்தில் இரண்டாவது தடவை சாய்ப்பில் போய் உட்கார்ந்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. எதற்காக இப்படி ஒரு நாடகம் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. சொல்லிவிடலாமா என்று எழுந்து அடுப்படி வாசல் வரைக்கும் போனேன். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் வானம். உத்திரம் மட்டும் புதுசாகக் குறுக்கே கிடக்கிறது. இப்போது வேலையை நிறுத்தினால் மழைக்கு வீடே கிடையாது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். நாலாம் நாள் முழுகினேன். தலை துவட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சல் வந்தது.

புரட்டாசி கடைசியில் செங்கல் அடுக்கி முடித்துக் கலவையைக் கொட்டிவிட்டார்கள். சுண்ணாம்புத் தளம் கொட்டினால் போதாது, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்க வேண்டும். பாதியில் விட்டால் வெடித்துவிடும், எல்லாம் பாழ். மேற்கே பிளவக்கல் பக்கம் மலை மேல் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. கொத்தனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னும் மூணு நாளு தாக்குப் பிடிச்சிட்டா போதும்” என்றார்.

அது வியாழக்கிழமை. மத்தியானம் எல்லாருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பில் வலி எடுத்தது. புழக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். சேலையில் பட்டிருந்தது.

பொய்க்கணக்குப்படி எனக்கு நாலைந்து நாளில் வரவேண்டிய தேதி. முன்னாலேயே வந்துவிட்டது என்றால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டேன். “அத்தே, நான் தூரம்” என்றேன். போன இரண்டு தடவை சொன்ன அதே வார்த்தை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “சரி, போ” என்றார்.

கொஞ்சம்தான் பட்டிருக்கிறது, படுத்திருந்தால் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். அரசு ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலே டொக் டொக் என்று தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. நான் வாயைத் திறந்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். மாமியார் என்னைப் பார்த்து என்ன கேட்பார் என்பதும் தெரியும். இரண்டு மாசமாகப் பொய்யாக முழுகினாயா, தெரிந்தே உத்திரத்தை இறக்க விட்டாயா என்று கேட்பார். எனக்குப் பயம். சண்டைக்காரி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவளுக்கு அன்றைக்கு இருந்தது பயம் மட்டும்தான். இன்னும் இரண்டு நாள்தானே, இன்னும் இரண்டு நாள்தானே என்று முனகிக்கொண்டே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை வலி கூடியது. தூரமானவள் கிட்டத்தில் வீட்டு ஆட்கள் வரமாட்டார்கள். மாமியார் சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் எடுக்காததைப் பார்த்து, “வயிறு வலிச்சா சீரகத்தண்ணி குடி” என்று வாசலிலிருந்தே சொன்னார். என் வீட்டுக்காரர் புழக்கடைப் பக்கமே வரவில்லை, அது எப்போதும் உள்ள வழக்கம்தான். அந்தச் சித்தாள்தான் சுண்ணாம்பு வாளி எடுக்க வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வாளியை வைத்துவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டாள்.

“தாயி, இது தூரம் இல்ல.”

நான் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன்.

“எனக்கு அப்பமே தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரிங்க. ஐயாட்ட நான் சொல்லுதேன்.”

“வாயத் தொறந்தேன்னா உன்னையக் கொன்னுருவேன்” என்றேன். பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை, புரட்டாசிக் கடைசிச் சனி. மாமியார் விடியும்போதே எழுந்து எங்கள் ஊர்ப் பக்கம் திருவண்ணாமலை என்று ஒரு குன்று, அங்கே பெருமாளைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட், அவரும் ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மேலே தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் பிள்ளை போய்விட்டது. சத்தம் போடக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்தச் சித்தாள் கீழே வந்தபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வெந்நீர் போட்டு வந்து என்னைத் துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள். தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறி, அதில் பிள்ளையைச் சுற்றினாள். இங்கேயே கிணற்றுப் பக்கத்தில் வைத்துவிடலாமா என்று நான் கேட்டேன்.

“வேண்டாம் தாயி. வேல நடக்குற எடம், நாளைக்கு யாராச்சும் வெட்டுவாவ. நான் கம்மாக்கரையில பத்திரமா வச்சிட்டு வாரேன்” என்றாள்.

மதில் பக்கத்துக் கதவு வழியாகப் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மேலே ஏறிப் போய்த் தட்ட உட்கார்ந்தாள். மத்தியானம் மாமியார் வந்தார். துளசியும் குங்குமமும் எனக்குக் கொடுக்க முடியாதே என்று அங்கலாய்த்துக்கொண்டு, முழுகிவிட்டு எடுத்துக்கொள் என்று மாடத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் மூன்றாவது முழுக்கு. ஒரு வாளி தண்ணீர் இறைக்க முடியவில்லை. கால்வாளி கால்வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். பட்டாசாலையில் பனந்தடி இல்லை. மேலே புதுச் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. கொத்தனார் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்து ஆறு நாள் விடாமல் அடித்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மாமியார் பட்டாசாலை நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி, “நல்ல வேளட்டி, யாரும் முழுகாம இல்ல. இருந்திருந்தா இந்த மழைக்கு என்ன பாடு பட்டிருப்போம்” என்றார்.

“ஆமா அத்தே” என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு மகள் பிறந்தாள். மாமியார் அவளைக் கீழே விடாமல் வளர்த்தார். அவளுக்கு எட்டு வயது ஆகும்போது மாமியார் இறந்துபோனார். கடைசி வரை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார், கூட உட்கார்ந்து அழுதும் இருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அழுகை எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் இருக்கும். என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு புழக்கடையில் அளந்துகொண்டிருந்தார். இனிமேல் யார் ஒதுங்கி உட்காரப் போகிறார்கள், சாய்ப்பைப் பிரித்துவிட்டு ஒரு கக்கூஸ் கட்டுவோம், குழி இந்த இடத்தில் வரட்டும் என்று காலால் கோடு கிழித்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

“அந்தச் சாய்ப்புலதான் நமக்கு ஒரு பிள்ள போச்சு. கூர போட்ட வருஷம்” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“வெள்ளிக்கிழம சாயந்தரமே அந்தச் சித்தாள் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு சொல்லிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா.”

வெள்ளிக்கிழமை. பிள்ளை போனது சனிக்கிழமை பத்து மணிக்கு.

“பொறவு ஏன் வரல?”

டேப்பைச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார். “மேல தளம் பாதியில கெடந்துச்சு. நான் உன்னையக் கூட்டிட்டு வெளிய வந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சுரும். கொத்தனார் அப்படியே போட்டுட்டு எறங்கிருவாரு. மேகம் வேற எறங்கிட்டு இருந்துச்சு. இன்னும் ரெண்டு நாளுதானன்னு நெனச்சேன்.”

எத்தனையோ பேரை வாயாலேயே ஓட ஓட விரட்டியவள் நான். அவர் சொன்ன அத்தனையும் நான் அந்தப் பாயில் கிடந்து எனக்குச் சொல்லிக்கொண்டதுதான், இரண்டு நாள்தானே என்பது உட்பட. எதைச் சொல்லித் திட்ட? ஆனால் நான் உள்ளே கிடந்தேன். அவர் சோறு தின்றுவிட்டு, படுத்துத் தூங்கி எழுந்து, காலை பஸ்ஸுக்குப் போனார்.

“எங்க வச்சிருக்கு?” என்று கேட்டார். புழக்கடை மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கம்மாக்கரை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

கக்கூஸை வாசல் பக்கம் கட்ட வைத்தார். பின்னால் அத்தனை இடம் கிடக்கையில் வீட்டுக்கு முன்னால் குழி வெட்டியவன் என்று சந்தே சிரித்தது. கேட்டவர்களிடம் பின்னால் பாறை என்று சொன்னார். சாய்ப்பைப் பிரிக்கவில்லை. புழக்கடையில் அதற்குப் பிறகு ஒரு முருங்கைக் கம்புகூட ஊன்றவில்லை. கிணற்றடிக்குப் போனால் செருப்பை அடுப்படி வாசலில் கழற்றிவிட்டு, பார்த்துப் பார்த்துக் காலை வைத்துப் போகிறார். அடுப்படி ஜன்னலில் நின்று நான் அதைத் தினமும் பார்க்கிறேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.